உப்பும் சீனியும் பழஞ்சேலையும்

சென்ற வாரம் நண்பர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். அவருடைய பேரக்குழந்தைக்கு இரண்டு நாட்களாக வயிற்றோட்டம். நண்பரின் மனைவியார் 'ஜீவனி'ப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து, கொதித்தாறிய நீரிற் கரைத்துக்கொண்டிருந்தார். எண்பதைக் கடந்த ஆச்சி விறாந்தையில் இருந்தபடி, "எங்கட காலத்திலை வயித்தாலை போற பிள்ளைக்குத் தண்ணி காட்டப்படாது எண்டு சொல்லுவினம்" என்றார்.

நண்பருடைய கவலையோ வேறு. அவருடைய இளைய மகள் பல்கலைக்கழகத்தில் உயிரியல் பயின்று சிறப்பாகச் சித்தியெய்தியவர். இப்பொழுது உத்தியோகம் வேண்டாம், ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்கிறாராம். "எலியின் குடலை அறுத்துப் பார்ப்பதற்கு இன்னும் நாலைந்து ஆண்டுகளா? அதனால் ஊருக்கு என்ன பயன், வீட்டுக்கு என்ன பயன்? நீங்களாவது புத்தி சொல்லுங்கள்" என்று எம்மை மன்றாடினார்.

புத்தி சொல்லும் தகுதி எமக்கில்லை. ஆயினும் மேசைமீது கிடந்த வெறும் பொட்டலத்தை எடுத்து அவர் கையிற் கொடுத்தோம். "இதன் கதையைக் கேட்டபின் முடிவு செய்யுங்கள்" என்றோம். அன்று அவருக்குக் கூறியதையே இங்கு வாசகர்களுக்கும் கூறுகின்றோம்.

கதை கல்கத்தாவில் தொடங்குகிறது. வாந்திபேதி எனப்படும் கொலரா, வங்காளத்தைத் தலைமுறை தலைமுறையாக வாட்டிய நோய். நோயாளியின் உடலிலிருந்து ஒரே நாளிற் பத்து லீற்றருக்கு மேலும் நீர் வெளியேறிவிடும்; காலையில் வயலுக்குப் போனவர் மாலையில் உயிரற்றுக் கிடப்பார். இந்நோயின் கிருமியை ஜேர்மனிய அறிஞர் றொபேட் கொக் 1884 ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் இனங்கண்டார். ஆனால் அக்கிருமி மனிதனை எவ்வாறு கொல்கிறது என்பது முக்கால் நூற்றாண்டு காலம் தெளிவாகவில்லை. குடலின் உட்சுவரையே அது அரித்துச் சிதைத்துவிடுகிறது என்று பலரும் கருதினர். சிதைந்த குடலுக்கு ஓய்வு வேண்டும் என்பதே, ஆச்சி சொன்ன "தண்ணீர் காட்டக்கூடாது" என்ற எண்ணத்துக்குத் துணைநின்றது.

சம்புநாத் டே என்னும் கல்கத்தா நோய்க்கூற்றியல் அறிஞர் எளிய வசதிகளைக் கொண்டு முயல்களின் குடலில் இதனை ஆராய்ந்தார். கிருமிகளை முற்றாக வடித்து நீக்கிய திரவமும் முயலின் குடலில் நீரைப் பெருகச் செய்ததை அவர் கண்டார். கிருமி சுரக்கும் நஞ்சே குடலைத் தூண்டி நீரைக் கொட்டச் செய்கிறது என்பது அதனால் விளங்கிற்று. இதனை 1959 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். பின்னர் வந்தோர் நோயாளரின் குடற்சுவரை நுணுக்குக்காட்டியில் நோக்கியபோது அது சிதையாதிருக்கவும் கண்டனர். குடல் அழியவில்லையாயின், குடிக்கும் நீரை அது ஏன் ஏற்காமற் போகவேண்டும்?

இவ்வினாவுக்கு விடை, வாந்திபேதியைப் பற்றி எண்ணியே பாராத ஒருவரிடம் இருந்தது. றொபேட் கிறேன் என்ற அமெரிக்க உயிரிரசாயன அறிஞர், எலியினத்தைச் சேர்ந்த சிறு பிராணிகளின் குடலில் வெல்லச்சத்து எவ்வாறு உறிஞ்சப்படுகிறது என்பதை ஆராய்ந்து வந்தார். (நண்பர் இவ்விடத்தில் சற்றே நிமிர்ந்து உட்கார்ந்தார்.) குளுக்கோசும் உப்பிலுள்ள சோடியமும் கைகோத்தபடி ஒரே வாசலால் குடற்சுவருக்குள் நுழைகின்றன என்னும் கருத்தை 1960 ஆம் ஆண்டில் பிராக் நகரில் நிகழ்ந்த அறிஞர் கூட்டமொன்றில் அவர் எடுத்துரைத்தார். அவை இரண்டும் உட்செல்லும்போது நீரும் அவற்றைத் தொடர்ந்து செல்லும். வெறும் உப்புநீர் வாந்திபேதி நோயாளியின் குடலிற் பெரும்பாலும் தங்குவதில்லை. அதனோடு அளவாகக் குளுக்கோசு சேர்ந்தால் அந்த வாசல் திறக்கிறது. கிருமியின் நஞ்சு இந்த வாசலை மட்டும் அடைப்பதில்லை.

அக்காலத்தில் வாந்திபேதிக்கிருந்த நம்பிக்கையான சிகிச்சை, நாளத்தினூடாக உப்புநீர் ஏற்றும் 'சேலைன்' ஒன்றே. அதற்குத் தூய போத்தல்கள் வேண்டும்; ஊசி வேண்டும்; பயின்ற கைகள் வேண்டும். இவை மூன்றும் இல்லாத கிராமங்களிலேதான் நோய் தலைவிரித்தாடிற்று. வாயாற் கொடுக்கும் கரைசலை நோக்கி வைத்தியர் சிலர் முயன்றனர். ஆயினும் 1962 ஆம் ஆண்டில் மணிலாவில் நடந்த பரீட்சையொன்றில் நோயாளர் சிலர் இறந்தமையால் அவ்வழியிற் செல்லப் பலரும் அஞ்சினர்.

டாக்காவிலிருந்த வாந்திபேதி ஆராய்ச்சிக்கூடத்தில் டேவிட் நாலின், றிச்சட் காஷ் என்னும் இரு இளம் அமெரிக்க வைத்தியர்கள் பணியாற்றினர். இருவருக்கும் முப்பது வயதும் ஆகவில்லை. அவர்கள் றபிகுல் இஸ்லாம், மஜீத் மொல்லா ஆகிய வங்காள வைத்தியர்களுடன் சேர்ந்து 1968 ஆம் ஆண்டில் முயற்சியை மீண்டும் தொடங்கினர். அவர்கள் கைக்கொண்ட உபாயம் மிக எளியது. நோயாளியிடமிருந்து எவ்வளவு நீர் வெளியேறுகிறது என்பதை அளந்தார்கள். அதற்கேற்ற அளவு கரைசலைக் குடிக்கக் கொடுத்தார்கள். முதலிற் சேலைன் ஏற்றித் தேற்றிய 29 பேரிடம் நடத்திய சோதனையில், பின்னர் வேண்டியிருந்த சேலைனின் அளவு ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது.

எனினும், ஆராய்ச்சிக்கூடத்தில் நன்கு நடப்பது அயலிலும் நடக்குமா? அளந்து கொடுக்கத் தெரிந்த வைத்தியர் அருகிலிராத இடத்தில் என்னாகும்? இந்தச் சோதனை யாரும் விரும்பாத வகையில் வந்து சேர்ந்தது.

1971 ஆம் ஆண்டில் வங்காளதேச விடுதலைப் போர் மூண்டது. ஏறக்குறைய ஒரு கோடி மக்கள் எல்லை கடந்து இந்தியாவுக்குள் ஓடினர். அகதிகள் நிறைந்த எல்லையூரான பொங்காவில் வாந்திபேதி பரவியது. அங்கிருந்த வைத்தியசாலையில் நோயாளருக்கிருந்த இடம் இரண்டு அறைகளும் பதினாறு கட்டில்களுமே. அங்கு சென்ற கல்கத்தாக் குழந்தை வைத்தியர் திலீப் மகாலனோபிஸ், தரையெல்லாம் நோயாளர் கிடக்க, அசுத்தத்தின் நடுவே முழந்தாளிட்டபடி சேலைன் ஏற்ற வேண்டியிருந்தது. இரண்டொரு நாளிலேயே, கையிலுள்ள சேலைன் போதாது என்பது அவருக்கு விளங்கிவிட்டது. அனுமதி கேட்டுக் காத்திருக்கவும், பரீட்சை செய்து பார்க்கவும் நேரமில்லை. தவறினால் பழி அவர் தலையில். வாளாவிருந்தாலோ சாவு கண்முன்னே.

அவர் துணிந்தார். ஒரு லீற்றர் நீருக்கு 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் கறியுப்பு, 2.5 கிராம் அப்பச்சோடா. கல்கத்தாவிலிருந்த ஆராய்ச்சி நிலையத்தின் நூலக அறையில் இவற்றை நிறுத்துப் பைகளிலிட்டு, சூடேற்றிய இஸ்திரிப்பெட்டியால் பைகளின் வாயை ஒட்டினர். பொங்காவில் அவற்றைப் பீப்பாய்களில் நீருடன் கரைத்து வைத்தனர். நோயாளரின் தாயும் சகோதரியும் குவளையில் எடுத்து வந்து பருக்கினர். வைத்தியர் கையிலிருந்த மருத்துவம் உறவினர் கைக்கு மாறிற்று. முன்னர் நூற்றுக்கு முப்பதுபேர் வரை மாண்ட அந்த முகாமில், கரைசல் பெற்றோரிடையே சாவு நூற்றுக்கு நான்கிலும் குறைந்தது. பொங்காவின் அனுபவத்தை நம்பத் தயங்கியோரும் இருந்தனர். ஆனால் 1978 ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவ இதழான 'லான்செற்', இந்நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இதுவே அமையக்கூடும் என்று எழுதியது.

இத்துடன் கதை முடிந்ததென்று எண்ணவேண்டாம். பொட்டலம் எட்டாத கிராமங்கள் இன்னும் இருந்தன. வங்காளதேசத்தில் கணக்காளராயிருந்து சமூகப்பணிக்கு வந்த பஸ்லே ஹசன் ஆபெத் நிறுவிய 'பிராக்' என்ற அமைப்பு, 1980 முதல் 1990 வரை ஊழியப் பெண்களை வீடுவீடாக அனுப்பியது. மூவிரற் கிள்ளு உப்பு, ஒரு பிடி வெல்லம், அரைச் சேர் நீர் - இவ்வளவே பாடம். ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் இப்பாடம் நடந்தது. பாடம் நடத்தியவருக்கு, எத்தனை வீடு ஏறினார் என்பதற்காகக் கூலி இல்லை. பின்னர் சென்று விசாரிக்கும்போது தாய்மார் எவ்வளவு நினைவில் வைத்திருக்கின்றனர் என்பதற்கே கூலி. தாய்மார் கரைத்த நீரும் ஆய்வுகூடத்திற் சோதிக்கப்பட்டது.

ஆயினும் தொடக்கத்தில் ஒரு புதிர் எழுந்தது. தாய்மார் பாடத்தை ஒப்புவித்தனர். பிள்ளைக்கு நோய் வந்தபோதோ பலர் அதனைக் கொடுக்கவில்லை. ஏன் என்று ஆராய்ந்தபோது, கற்பித்த ஊழியர்களிற் பலரே அதனை நம்பாதிருந்தமை தெரியவந்தது. தமக்கு வயிற்றோட்டம் வந்தால் அவர்கள் மாத்திரையைத் தேடினர்! காரணகாரியத்தை அவர்களுக்கு விளக்கிய பின்னரும், குடும்பத்து ஆண்களையும் சந்தையிலும் பள்ளிவாசலிலும் கண்டு பேசிய பின்னருமே வழக்கம் வேரூன்றிற்று. குடலின் இரகசியத்தை அறிவது ஓர் ஆராய்ச்சி. மனிதரின் மனத்தை அறிவது மற்றோர் ஆராய்ச்சி.

இனிச் சேலையின் கதை. றீற்றா கொல்வெல் என்னும் அமெரிக்கப் பெண்மணி, கடல்நீரில் வாழும் நுண்ணுயிர்களை ஆராய்ந்த பேராசிரியர். வாந்திபேதிக் கிருமி, நீரில் மிதந்து திரியும் மிகச் சிறிய கூனிப் பிராணிகளின் உடலில் ஒட்டி வாழ்கிறது என்பதை அவரும் அவருடன் ஆராய்ந்தோரும் கண்டனர். கிருமி கண்ணுக்குத் தெரியாதது. துணியால் அதனைத் தடுக்க இயலாது. ஆனால் அது ஏறியிருக்கும் பிராணியைத் தடுக்கலாமே! விறகுக்குப் பஞ்சமான வங்காளக் கிராமங்களில் நீரைக் கொதிக்கவைக்கச் சொல்வது எளிது, செய்வது அரிது. பழஞ்சேலை மட்டும் எந்த ஏழையின் வீட்டிலும் உண்டு.

சேலையை நான்கு முறை மடித்துக் குடத்தின் வாயிற் கட்டி நீரை வடிக்கும்படி மத்லாப் பகுதிக் கிராமப் பெண்களுக்குக் கற்பித்தனர். புதுச்சேலையிலும் பழஞ்சேலையே நன்று. பலமுறை துவைத்ததில் நூலிழைகள் தளர்ந்து துளைகளை நெருக்கிவிடுகின்றன. அறுபத்தைந்து கிராமங்களில் நடந்த இவ்வாராய்ச்சி 2003 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சேலையால் வடித்த கிராமங்களில் வாந்திபேதி நூற்றுக்கு நாற்பத்தெட்டு வீதம் குறைந்திருந்தது. சில ஆண்டுகளின் பின் மீண்டும் சென்று பார்த்தபோது, கற்றுக்கொண்ட பெண்களில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் எவரும் சொல்லாமலே நீரை வடித்து வந்தனர். மற்றோர் கைவிட்டமையும் உண்மையே. பழக்கம் என்பது ஒருமுறை நட்டால் வளரும் மரமன்று. நீர் ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும்.

மாணவர்கள் இக்கதையில் ஒன்றைக் கவனித்தல் நன்று. நோய்க்கூற்றியல், உயிரிரசாயனம், மருத்துவம், கற்பித்தல், கடலுயிரியல் ஆகிய இத்தனை துறைகளும் ஒரு குவளை நீரிற் சந்திக்கின்றன. முயலின் குடலை ஆராய்ந்தவருக்குப் பொங்கா முகாம் தெரியாது. கிறேன் தம் கருத்தை வெளியிட்டபோது எந்த ஏழைத்தாயையும் மனத்திற்கொள்ளவில்லை. அவர்களது அறிவை, அடுத்த துறையில் நின்ற ஒருவர் கைநீட்டி வாங்கியபோதே அது மருந்தாயிற்று. அவ்வாறு கைநீட்ட ஒருவர் இல்லாதிருந்தால் அந்தக் கட்டுரைகள் அலமாரியில் உறங்கியிருக்கும். கொடுப்பதற்கு முன்னவர் இல்லாதிருந்தாலோ, மகாலனோபிஸ் வெறுங்கையுடன் நின்றிருப்பார். இக்கரைசலால் உலகெங்கும் ஐந்து கோடிக்கு மேற்பட்ட உயிர்கள் காப்பாற்றப்பட்டன என மதிப்பிடுகின்றனர்.

இல்லத்தரசிகளுக்கும் ஒரு சொல். வயிற்றோட்டம் வந்த குழந்தைக்கு நீரையும் தாய்ப்பாலையும் ஒருபோதும் நிறுத்தலாகாது. பொட்டலத்தை அதிற் குறித்த அளவு நீரிலேயே கரைக்கவேண்டும். குறைந்த நீரிற் கரைத்தால் உப்பு மிகுந்து தீங்காகும். பொட்டலம் கிடையாதவிடத்து, கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் மட்டமான ஆறு தேக்கரண்டி சீனியும் மட்டமான அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, சிறிது சிறிதாகப் பருக்கலாம். கண் குழிவிழுந்தாலும், சிறுநீர் குறைந்தாலும், குழந்தை சோர்ந்து துவண்டாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் வீட்டில் வைத்துக்கொண்டிராது உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

நாம் பேசி முடித்தபோது குழந்தை அரைக் குவளையைக் குடித்துவிட்டு உறங்கிப்போயிற்று. கதவோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த இளைய மகள் ஒன்றும் பேசவில்லை. ஆச்சிதான் முதலில் வாய் திறந்தார். "அப்ப எலிக்குக் குடல் இருக்கிறதும் ஒரு நன்மைக்குத்தான்" என்றார்.

நண்பர் கையிலிருந்த வெறும் பொட்டலத்தை நீவி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். பின்பு மகளைப் பார்த்து, "விண்ணப்பத்துக்கு முடிவுத் திகதி எப்போது, பிள்ளை?" என்று கேட்டார்.