கூரை இல்லாதவர்களுக்கும் வெயிலில் பங்கு

ஆசிரியருக்கு,

2030இற்குள் கரிச்சமநிலை எட்டுவதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் தெரிவுசெய்த நூறு நகரங்களில் இத்தாலிக்கு ஒன்பது. ரோமுக்குத் தெற்கே ஒன்றுகூட இல்லை. 2023 ஜூலையில் 47 பாகை வெயிலில் வெந்த எங்கள் பலெர்மோவும் இல்லை.

நாங்கள் வாழும் சீசாப் பகுதியில் 12ஆம் நூற்றாண்டு நோர்மன் மன்னர்களின் கோடை மாளிகை நிற்கிறது. ஊற்று நீரும் காற்றுவழிகளுமே அதைக் குளிர்வித்தன. பக்கத்து மாடிகளில் வாடகைக்கிருக்கும் நாங்களோ மின்கட்டணத்துக்குப் பயந்து ஏசியை நிறுத்துகிறோம்.

இதற்கு ஒரு வழி உண்டு. 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இத்தாலிய அரசாணைப்படி, ஒரே துணைமின் நிலையத்தின் கீழுள்ளோர் சூரிய மின்சாரத்தைப் பகிரும் எரிசக்திக் கூட்டு அமைக்கலாம். சொந்தக் கூரை வேண்டாம், வாடகைக்காரரும் சேரலாம். பகிர்ந்து பாவிக்கும் மின்சாரத்துக்கு 20 ஆண்டுகள் ஊக்கத்தொகை உண்டு. சூரியத் தகடு வாங்குவதற்கான 40 சதவீத மானியத்தை மட்டும் சிற்றூர்களுக்கென்றே தொடங்கினார்கள். பெருநகர ஏழை எங்கே போவது?

நாப்போலியின் சான் ஜொவான்னி அ தெதுச்சோவில் வழி கண்டார்கள். தென்னித்தாலி அறக்கட்டளை ஒன்று பணம் தந்தது. லெகம்பியந்தே சூழல் அமைப்பு கைகொடுத்தது. 40 குடும்பங்களுக்கென ஒரு தொண்டு நிலையத்தின் கூரையில் தகடு ஏறியது.

சீட்டுப் பிடிக்கத் தெரிந்த தமிழரான நமக்குக் கூட்டுக் கணக்கு புதிதா? நமது ஊர்ச்சங்கங்கள் இங்குள்ள சூழல் அமைப்புகளோடு சேர்ந்து இப்படியொரு கூட்டுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு முன், விதிகளைத் தமிழில் உங்கள் இதழ் வெளியிட வேண்டும். இத்தாலியப் படிவம் என்றாலே எங்கள் வீட்டில் பிள்ளைகளைத்தான் கூப்பிடுகிறோம்.

— வாசகர், சீசா, பலெர்மோ