பீரோவில் பூட்டிய கதைகள்

ஏழாம் வகுப்பு மாணவனுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வருகிறது என்பதற்காகப் பாப்பாக் கதையைக் கையில் கொடுத்தால் அவன் கூசிப்போவான். அவன் வயதுக்கேற்ற கதை வேண்டும். சொற்கள் மட்டும் எளிமையாக இருக்க வேண்டும். 1972இல் சிவகாசியிலிருந்து இரும்புக்கை மாயாவி என்ற நாயகனின் கதையோடு புறப்பட்ட முத்து காமிக்ஸ் செய்தது அதைத்தான். பாடப் புத்தகத்தைத் தொடாத பிள்ளைகள்கூட, அடுத்த கட்டத்தில் என்ன நடக்கிறது என்று அறியும் ஆவலில் வரிவரியாகப் படித்தார்கள். காமிக்ஸ் படிப்பதும் படிப்புதான். அதைப் பிடுங்கி வைத்த பெரியவர்கள் பிள்ளைகளுக்கு நல்லது செய்யவில்லை.

பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தமிழக அரசு 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கமும், வாசிக்கும் திறனைப் பார்த்துச் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளாகப் பிரித்தது. மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால், புத்தகம் வந்து சேர்ந்தால் மட்டும் போதாது. கிழிந்தால், தொலைந்தால் யார் பதில் சொல்வது என்ற அச்சத்தில் பல பள்ளிகளில் கதைப் புத்தகங்கள் பீரோவிலேயே கிடந்துவிடுகின்றன. பிள்ளைகள் புரட்டிப் புரட்டிக் கிழிந்த நூல்களை இருப்புப் பதிவேட்டிலிருந்து கழிக்கும் அதிகாரத்தைத் தலைமையாசிரியருக்குக் கல்வித்துறை கொடுக்க வேண்டும். அவற்றுக்கு ஈடாகப் புதிய பிரதிகளை ஆண்டுதோறும் அனுப்ப வேண்டும். புத்தகங்களை வீட்டுக்கு எடுத்துச் செல்லவும் பிள்ளைகளை அனுமதிக்க வேண்டும்.