நைட் ஷிப்ட் இதயத்தைப் பாதிப்பது ஏன்? நள்ளிரவு சாப்பாட்டுக்கும் அதில் பங்கு இருக்கிறதா?

"பகல்ல 7 மணி நேரம் தூங்கிடுறேன், அப்புறம் என்ன பிரச்னை?" நைட் ஷிப்ட் பார்க்கும் பலரும் சொல்வது இது. தூங்கும் நேரத்தின் அளவு சரியாக இருந்தாலே போதும் என்றுதான் நீண்ட காலம் டாக்டர்களும் நினைத்தார்கள். இப்போது அந்தக் கருத்து மாறி வருகிறது. எத்தனை மணி நேரம் தூங்குகிறோம் என்பதோடு, எப்போது தூங்குகிறோம், எப்போது சாப்பிடுகிறோம் என்பதும் இதயத்தைப் பாதிக்கும் என்று 2025 அக்டோபரில் அமெரிக்க இதய சங்கம் தனி அறிக்கையே வெளியிட்டது.

உடலுக்குள் கடிகாரமா?

ஆமாம், அதுவும் ஒன்றல்ல. மூளையின் அடிப்பகுதியில் சுமார் 20,000 நரம்பு செல்கள் சேர்ந்த சின்னஞ்சிறு பகுதிதான் தலைமைக் கடிகாரம். கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்து அது நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். இதயத் தசை, ரத்தக் குழாய், கல்லீரல், சிறுநீரகம் என மற்ற உறுப்புகளின் செல்களிலும் தனித்தனிக் கடிகாரங்கள் ஓடுகின்றன. இவற்றை இயக்கும் மரபணுக்களைப் பழ ஈக்களில் கண்டுபிடித்து விளக்கிய ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகியோருக்கு 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

சிக்கல் எங்கே வருகிறது? தலைமைக் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்க்கிறது. கல்லீரல் போன்ற உறுப்புகளின் கடிகாரமோ பெரும்பாலும் சாப்பாட்டைப் பார்த்து நேரம் வைக்கிறது. ராத்திரி 2 மணிக்கு பரோட்டா உள்ளே போனால், மூளை இன்னும் நள்ளிரவு என்று நினைத்திருக்க, கல்லீரல் விடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறது.

காலையில் மாரடைப்பு அதிகம் ஏன்?

பொதுவாக இரவுத் தூக்கத்தில் ரத்த அழுத்தம் 10 முதல் 20 சதவீதம் வரை குறையும். ரத்தக் குழாய்களுக்கு அதுதான் ஓய்வு. விடியும் நேரத்தில் கார்டிசால் ஏறும், எழுந்ததும் அட்ரினலின் கூடும், ரத்தத் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்ளும். ரத்தக் கட்டி கரைவதைத் தடுக்கும் பிஏஐ-1 என்ற புரதமும் காலையில்தான் உச்சத்தில் இருக்கும். காலை 6 மணியிலிருந்து நண்பகல் வரை மாரடைப்பு அதிகம் வருவதை 1980-களிலேயே ஆய்வாளர்கள் கவனித்துவிட்டார்கள். அதற்காக விடிந்தாலே பயப்பட வேண்டியதில்லை. ஏற்கெனவே கொழுப்பு படிந்த ரத்தக் குழாய் உள்ளவர்களுக்குத்தான் இந்த நேரம் ஆபத்தானது.

நைட் ஷிப்ட்டில் ஆபத்து எவ்வளவு?

20 லட்சம் பேரின் தகவல்களைத் தொகுத்து 2012-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வில், ஷிப்ட் வேலை பார்ப்பவர்களிடம் மாரடைப்பு 23 சதவீதம் அதிகம் இருந்தது. இதை 100 பேரில் 23 பேருக்கு மாரடைப்பு என்று படிக்கக் கூடாது. மற்றவர்களில் 100 பேருக்கு வரும் இடத்தில் இவர்களில் 123 பேருக்கு வருகிறது என்று அர்த்தம். புகை, வருமானம், உடற்பயிற்சி இல்லாமை என வேறு காரணங்களும் கலந்திருக்கும் என்பதால், கடிகாரத்தின் மீது மட்டும் பழியைப் போட முடியாது.

அதனால்தான் அமெரிக்காவின் பாஸ்டன் ஆய்வாளர்கள் செய்த சோதனை முக்கியமாகிறது. உடல்நலம் நன்றாக இருந்த 20 இளைஞர்களை ஆய்வகத்திலேயே தங்கவைத்தார்கள். ஜன்னல் கிடையாது, வாட்ச் கிடையாது, செல்போன் கிடையாது. மணி என்ன என்றே தெரியாது. எல்லோரும் நைட் ஷிப்ட் போல இரவில் விழித்து, பகலில் தூங்கினார்கள். ஒரு பிரிவு நைட் ஷிப்ட்காரர்கள் வழக்கமாகச் செய்வதுபோல இரவிலும் சாப்பிட்டது. இன்னொரு பிரிவுக்குப் பகலில் மட்டும் சாப்பாடு.

இரவில் சாப்பிட்டவர்களிடம் பிஏஐ-1 கூடியது, இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் நரம்புகளின் சமநிலையும் மோசமானது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களிடம் இந்த மாற்றங்கள் தெரியவில்லை. இத்தனைக்கும் இரண்டு பிரிவும் ஒரே மாதிரிதான் விழித்திருந்தது! 2025-ல் வெளியான இந்த ஆய்வு சிறியது, சில நாட்களே நடந்தது, மாரடைப்பை நேரடியாக அளக்கவும் இல்லை. ஆனாலும் ஷிப்ட்டை மாற்ற முடியாதவர்கள் சாப்பாட்டு நேரத்தையாவது ஓரளவு மாற்றிப் பார்க்கலாம் என்பதால், இதை ஒதுக்கிவிட முடியாது.

அப்போ மாத்திரையையும் இரவுக்கு மாற்றலாமா?

பிபி மாத்திரையை இரவில் போட்டால் மாரடைப்பு பாதியாகக் குறையும் என்ற ரீதியில் வாட்ஸ்அப் தகவல்கள் சுற்றுகின்றன. பிரிட்டனில் 21,104 பேரை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்த டைம் ஆய்வு, காலையில் போட்டாலும் இரவில் போட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்று 2022-ல் சொல்லிவிட்டது. மறக்காமல் போட வசதியான நேரமே சரியான நேரம். நீங்களாக மாற்ற வேண்டாம்.

நைட் ஷிப்ட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

வேலைக்குப் போகும் முன்பே இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு, நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை பெரிய சாப்பாட்டைத் தவிர்க்கப் பாருங்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது, சர்க்கரை திடீரென இறங்கிவிடும். பகலில் தூங்கும் அறைக்குக் கனமான திரை போட்டு இருட்டாக்கிக்கொள்ளுங்கள். ஷிப்ட் அட்டவணை தொழிலாளி கையில் இல்லை. கேன்டீனில் ராத்திரி 2 மணிக்கு என்ன கிடைக்கிறது என்பதும் அவர் கையில் இல்லை. நிர்வாகங்கள்தான் இதைக் கவனிக்க வேண்டும்.

பிபி பார்க்கப் போகும்போது நைட் ஷிப்ட் பார்ப்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கிளினிக்கில் நார்மலாக இருக்கும் அழுத்தம், தூக்கத்தில் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்காமல் இருக்கலாம். கையில் மாட்டி 24 மணி நேரமும் பிபியைப் பதிவு செய்யும் கருவி இருக்கிறது. அது தேவையா என்று அவரிடமே கேளுங்கள்.