நாலு மிஷினில் ரெண்டு

2025 பிப்ரவரி 28-ம் தேதி வந்த பொருளாதார வளர்ச்சிக் கணக்கைப் பார்த்துவிட்டு அக்கா மகன் போன் செய்தான். "மாமா, ஜூலை-செப்டம்பர் வளர்ச்சி 5.4 சதவீதம்னு நவம்பர்ல சொன்னாங்க. இப்ப 5.6-ங்கறாங்க. 2023-24க்கு 8.2 இருந்தது 9.2 ஆயிடுச்சு. எதை நம்பறது?"

எண் மாறியதில் எனக்கு வருத்தமில்லை. முதலில் வருவது கைக்குக் கிடைத்ததை வைத்துப் போடும் மதிப்பீடு. விவரம் சேரச் சேரத் திருத்தத்தான் வேண்டும். புள்ளியியல் களப்பணியிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். என்னை உறுத்துவது வேறு.

அந்தக் காலாண்டில் உற்பத்தித் துறை 2.2 சதவீதம் வளர்ந்ததாக நவம்பரில் சொன்னார்கள். அதில் கோவை கணபதியில் இருக்கும் லேத் பட்டறை எங்கே? பங்குச் சந்தையில் பதிவான பெரிய கம்பெனிகளுக்குக் காலாண்டு முடிவுகள் உண்டு. பட்டறைக்கு அப்படி எதுவும் கிடையாது. தொழில் உற்பத்திக் குறியீட்டெண் போகிற போக்கில் அதுவும் போவதாக வைத்துக்கொண்டார்கள். அந்தக் குறியீட்டெண்ணோ பதிவு பெற்ற தொழிற்சாலைகளிலிருந்து வருவது. பெரிய வீட்டுத் தாளிப்பு வாசனையை வைத்துப் பக்கத்துக் குடிசையில் சாப்பிட்டாயிற்று என்று எழுதுவது போலத்தான்.

நல்ல காலத்தில் இது பெரிய தவறாகாது. மந்தத்தில் ஆகும். பம்ப் ஆர்டர் குறைந்தால் கம்பெனி முதலில் நிறுத்துவது வெளியே கொடுக்கும் ஜாப் ஒர்க்கை; தன் ஷிப்டுக்குக் கை வைப்பது கடைசியில். 45 நாளில் தர வேண்டிய பில் பணம் 90 நாளுக்கு இழுக்கும். கம்பெனியின் லாபக் கணக்கு கெடாமல் இருக்க, நஷ்டம் பட்டறையில் போய் உட்காரும்.

2015-16 சிறு தொழில் கணக்கெடுப்பில் கணபதியில் ஒரு பட்டறைக்குப் போனேன். படிவத்தை விரித்ததும் உரிமையாளர் கேட்டார்: "நாலு மிஷின் இருக்குதுங்க சார், ரெண்டுதான் ஓடுது. எதைங்க எழுதுவீங்க?" ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கிறது என்றேன். சிரித்தார். டீ வந்தது.

அந்தக் கணக்கெடுப்பில், விவசாயமும் கட்டுமானமும் சேராத சிறு தொழில்களில் 11.13 கோடிப் பேர் இருந்தார்கள். அடுத்த முழு ஆண்டுக் கணக்கு 2021-22க்குத்தான் வந்தது: 9.79 கோடி. நடுவில் பணமதிப்பு நீக்கம், ஜிஎஸ்டி, கொரோனா. எது எத்தனை பேரைத் தின்றது என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை. அந்த வருடங்களுக்கு இப்படி ஒரு முழு ஆண்டுக் கணக்கு வரவில்லை. அந்தக் காலாண்டுகளுக்கெல்லாம் தசமப் புள்ளியோடு வளர்ச்சி விகிதம் மட்டும் தவறாமல் வந்தது.

2023-24ல் இந்த எண்ணிக்கை 12.06 கோடியானது. நல்ல செய்திதான், ஆனால் நான் துள்ளிக் குதிக்க மாட்டேன். இந்தத் தொழில்களில் பெரும்பாலானவை கூலிக்கு ஆள் வைக்காதவை. சம்பள வேலை போனவர் வாசலில் இட்லிக் கடை போட்டாலும் அங்கே ஒரு தலை கூடும்.

2025 ஜனவரியிலிருந்து இந்தக் கணக்கெடுப்பைக் காலாண்டுவாரியாக நடத்துகிறார்கள். முடிவுகள் வந்தால், 5.4-ஆ 5.6-ஆ என்பதைத் தள்ளிவைத்துவிட்டு அதைத்தான் முதலில் படிப்பேன். அக்கா மகனிடமும் அதையே சொன்னேன். கணபதிப் பக்கம் போனால் அந்தப் பட்டறையில் எத்தனை மிஷின் ஓடுகிறது என்று பார்த்து வரவும் சொன்னேன்.