சிங்கம் பார்க்கப் போகுமுன்

செய்யாற்றுச் சகோதரி ஒருவர் கேட்கிறார்: "கென்யாவுக்கு வேட்டைப் பிரயாணம் போகிறோம். ஆரணிப் பட்டு எத்தனை எடுத்துப் போகலாம்?"

வேட்டையா, அம்மா! அங்கே 1977-லேயே அதற்குத் தடை; நம் நாட்டில் 1972-லேயே சட்டம் வந்தாயிற்று. துப்பாக்கியை மறந்துவிட்டுக் காமிராவை எடுத்துக்கொள்ளுங்கள்.

பட்டு பெட்டியிலேயே இருக்கட்டும். கருநீலமும் கறுப்பும் கண்டால் 'ட்ஸெட்ஸீ' ஈ தேடி வந்து கடிக்கும். வெளிர் பழுப்புப் பருத்தியே உத்தமம்.

புடவையைவிட முக்கியம் மஞ்சள் காய்ச்சல் ஊசி. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். புறப்பட 10 நாள் முன்னதாகவே போட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளும் 60 வயதானவர்களும் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும். அந்த நோய் இங்கே இல்லை. ஆனால் அதைப் பரப்பும் கொசு ஏராளம். அதனால், சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் 6 நாள் வரை வீட்டுக்கு விடாமல் தனியே வைத்துவிடுவார்கள்.

சிங்கத்தைப் பார்த்துவிட்டு வந்து நாமே கூண்டில் இருப்பானேன்?