முன்னால் நிற்பவர் முந்தியவரா?

டெலிவிஷனில் 400 மீட்டர் ஓட்டப் பந்தயம். எட்டு வீரர்கள் குனிந்து நிற்கிறார்கள். துப்பாக்கி வெடிக்கப் போகிறது. வீட்டில் எல்லோரும் கண் இமைக்காமல் பார்க்கிறார்கள்.

அப்போது பத்து வயதுப் பையன் கேட்கிறான்:

"அப்பா! வெளிப்பக்கம் நிற்கிறவர் அவ்வளவு முன்னாலே நிற்கிறாரே! அவர்தானே ஜெயிப்பார்? இது அநியாயம் இல்லையா?"

"சும்மா இருடா! ஓட்டத்தைப் பார்!" என்கிறார் அப்பா.

பையன் வாயை மூடிக்கொள்கிறான். ஒரு நல்ல கேள்வி அங்கேயே செத்துப்போகிறது.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். ஏன் என்றால், அதில் ஓட்டக் கணக்கு மட்டும் இல்லை. பிள்ளை வளர்க்கும் கணக்கும் இருக்கிறது!

53 மீட்டர்

கோவிலில் உள்பிரகாரத்தைச் சுற்றினால் சீக்கிரம் சுற்றிவிடலாம். வெளிப்பிரகாரத்தைச் சுற்ற அதிகம் நடக்க வேண்டும். ஓட்டப் பாதையும் அப்படித்தான்.

ஒவ்வொரு பாதையும் 1.22 மீட்டர் அகலம். எட்டுப் பேரும் ஒரே கோட்டில் நின்று ஒரு சுற்று ஓடினால், எட்டாவது பாதையில் ஓடுகிறவர் முதல் பாதைக்காரரைவிட 53 மீட்டர் அதிகம் ஓட வேண்டி வரும். அதற்காகத்தான் அவரை 53 மீட்டர் முன்னால் நிறுத்துகிறார்கள். இப்போது எல்லோருக்கும் 400 மீட்டர்தான்.

ஆகவே, அவர் முன்னால் நிற்கிறாரே தவிர, முந்தி நிற்கவில்லை.

தங்கச் சுரங்க ஊரில் ஒரு பந்தயம்

ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்தில், ஸ்டாவெல் என்று ஓர் ஊர். தங்கம் தோண்ட வந்தவர்களால் வளர்ந்த ஊர். அங்கே 1878-ம் ஆண்டில் ஓர் ஓட்டப் பந்தயம் தொடங்கியது. இன்றும் ஈஸ்டர் பண்டிகையை ஒட்டி நடக்கிறது. புல்தரையில் 120 மீட்டர் ஓட்டம்.

அதில் ஒரு புதுமை. எல்லோரும் ஒரே இடத்தில் இருந்து புறப்படுவது இல்லை. மிக வேகமாக ஓடக்கூடியவர் எல்லோருக்கும் பின்னால் நிற்பார். மற்றவர்களுக்கு, அவரவர் வேகத்தைப் பார்த்து, சில மீட்டர் சலுகை கொடுப்பார்கள். வேகம் குறைந்தவருக்குச் சலுகைத் தூரம் அதிகம்.

சலுகையே இல்லாமல், முழுத் தூரமும் ஓடி ஜெயிப்பது லேசான காரியம் அல்ல. 1975-ல் ஒருவர் ஜெயித்தார். அவர் மடகாஸ்கர் தீவைச் சேர்ந்த ரவேலோமனன்ட்சோவா. 1968-ல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் இறுதி ஓட்டம் வரை வந்த வீரர் அவர். 2005-ல் ஆஸ்திரேலிய வீரர் ஜோஷுவா ராஸ் அதே சாதனையைச் செய்தார்.

சரி, யாருக்கு எத்தனை மீட்டர் சலுகை கொடுப்பது? கண்ணால் பார்த்து, "இவ்வளவு கொடு" என்று சொல்லிவிடலாமா? முடியாது. அதற்குக் கணக்கு வேண்டும்.

அக்காளும் தம்பியும்

கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம். ஒரே ஒரு வரிதான்:

இருக்கும் இடம் = புறப்பட்ட இடம் + (வேகம் × நேரம்)

பள்ளிக்கூடத்தில் இதற்கு "நேரியல் சமன்பாடு" என்று பெயர். படமாக வரைந்தால் நேர்கோடு வரும். அதனால் அந்தப் பெயர்.

ஓர் அக்காளும் தம்பியும் ஓடுகிறார்கள். அக்காள் விநாடிக்கு 6 மீட்டர் ஓடுவாள். தம்பி விநாடிக்கு 5 மீட்டர். தம்பி சின்னவன் ஆயிற்றே என்று, அவனை 15 மீட்டர் முன்னால் நிறுத்துகிறார்கள்.

அக்காள் இருக்கும் இடம்: 6 × நேரம்.

தம்பி இருக்கும் இடம்: 15 + 5 × நேரம்.

விநாடிக்கு ஒரு மீட்டர் வீதம் அக்காள் நெருங்கி வருகிறாள். இடைவெளி 15 மீட்டர். ஆகவே 15-வது விநாடியில் தம்பியைப் பிடித்துவிடுவாள். அப்போது இருவரும் 90-வது மீட்டரில் இருப்பார்கள்.

இனிமேல்தான் வேடிக்கை!

பந்தயம் 80 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெயிப்பது தம்பி. அவன் கோட்டைத் தொடும்போது அக்காள் 2 மீட்டர் பின்னால் இருப்பாள்.

பந்தயம் 100 மீட்டர் என்றால்? ஜெயிப்பது அக்காள். தம்பி ஒன்றரை மீட்டருக்கு மேல் பின்தங்கிவிடுவான்.

அதே அக்காள். அதே தம்பி. அதே வேகம். அதே சலுகை. எல்லைக் கோட்டை எங்கே போட்டோம் என்பதில்தான் வெற்றி தோல்வி இருக்கிறது!

மார்க் பட்டியல்

இப்போது வீட்டுக்கு வருவோம்.

பரீட்சை மார்க் வருகிறது. அடுத்த வீட்டுப் பையன் 70. நம் வீட்டுப் பெண் 40. "அவன் 70 வாங்கியிருக்கிறான். நீயும் இருக்கிறாயே!" என்று வசை மழை பொழிகிறது.

அடுத்த பரீட்சை. அவன் 72. இவள் 52. இப்போதும் வசைதான். அவன்தானே முன்னால் இருக்கிறான்!

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பையன் பரீட்சைக்கு 2 மார்க் வீதம் ஏறுகிறான். பெண் 12 மார்க் வீதம் ஏறுகிறாள். இதே வேகத்தில் போனால், 40 மார்க் வாங்கிய பரீட்சைக்குப் பின் மூன்றாவது பரீட்சையில் இருவரும் 76-ல் நிற்பார்கள். நான்காவதில் அவள் முந்திவிடுவாள்.

முன்னேறிக்கொண்டிருக்கும் பிள்ளையை அல்லவா அந்த வீட்டில் திட்டுகிறார்கள்!

ஒரு மார்க் பட்டியல், பிள்ளை நிற்கும் இடத்தை மட்டுமே சொல்லும். வேகத்தைச் சொல்லாது. வேகம் தெரிய வேண்டுமானால் இரண்டு பட்டியல்களையாவது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

புறப்பட்ட இடத்தையும் மறக்கக் கூடாது. ஒரு வீட்டில் அப்பா படித்தவர். அம்மா படித்தவர். அலமாரி நிறையப் புத்தகம். இன்னொரு வீட்டில், அந்தப் பிள்ளைதான் முதன்முதலில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவன். இருவரும் ஒரே கோட்டில் இருந்தா புறப்பட்டார்கள்? இல்லை. பின்னால் இருந்து புறப்பட்டு அருகில் வந்து நிற்பவன், அதிகத் தூரம் ஓடியவன். அவனைத் தட்டிக்கொடுக்க வேண்டும்.

மனிதன் நேர்கோடு அல்ல

இந்தக் கணக்குக்கும் ஓர் எல்லை உண்டு. வேகம் மாறாமல் இருந்தால்தான் விடை சரியாக வரும். மனிதன் அப்படி ஓடுவது இல்லை.

2009-ல் பெர்லின் நகரில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடி உலக சாதனை செய்தார். அந்த ஓட்டத்தில் முதல் 20 மீட்டரைக் கடக்க அவருக்கு ஏறக்குறைய 2.9 விநாடி ஆனது. 60-வது மீட்டரில் இருந்து 80-வது மீட்டர் வரை உள்ள 20 மீட்டரை ஏறக்குறைய 1.6 விநாடியில் கடந்துவிட்டார்! உலகத்திலேயே வேகமான மனிதருக்கும் வேகம் பிடிக்க நேரம் வேண்டியிருந்தது.

அப்படி இருக்க, ஆறாம் வகுப்புப் பிள்ளையைப் பார்த்து, "இது தேறாது" என்று முடிவு கட்டுவது என்ன நியாயம்? அது 80-வது மீட்டரில் எல்லைக் கோட்டைப் போடுவது. 20-வது மீட்டரிலேயே போடுவது என்றும் சொல்லலாம்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எக்ஸ், ஒய் என்று எழுதி மனப்பாடம் செய்ய வைப்பதால் பயன் இல்லை. பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரு கயிறு, கொஞ்சம் சுண்ணாம்பு, ஒரு கைக்கடிகாரம் போதும். ஓடச் சொல்லுங்கள். அளக்கச் சொல்லுங்கள். யார் யாரை எங்கே பிடிப்பார் என்று முன்கூட்டியே கணக்குப் போடச் சொல்லுங்கள். ஓடிப் பார்த்துச் சரிபார்க்கட்டும். அப்புறம் அந்தப் பாடம் ஆயுளுக்கும் மறக்காது.

பெற்றோரே! சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் பிள்ளைகளோடு வெளியே வாருங்கள். தெருவில் 90 மீட்டர் அளந்து கோடு போடுங்கள். சின்னவனை முன்னால் நிறுத்தி, பெரியவளைப் பின்னால் நிறுத்தி ஓடவிடுங்கள்.

பையன் மறுபடியும் கேள்வி கேட்பான். இந்தத் தடவை, "சும்மா இருடா!" என்று சொல்லாதீர்கள்.