ஓய்வு எனும் பெயரால்

பல்லாண்டு ஆடிய முன்கள வீரரை அணியில் வைத்திருப்பதா, வழியனுப்புவதா? நம் மண்டகப்பட்டு இளைஞர் முதல் நாட்டின் தேர்வாளர் வரை எவர்க்கும் எழக்கூடிய வினா இது.

தமிழ்ப் பெற்றோரின் மைந்தர் தன்ராஜ் பிள்ளை. 1998இல் அவர் தலைமையில் இந்திய ஹாக்கி அணி பாங்காக் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றது. 32 ஆண்டுகளுக்குப் பின் கிட்டிய தங்கம் அது! ஆயினும், அடுத்து அவரும் மூத்த வீரர் சிலரும் அணியில் சேர்க்கப்படவில்லை. 'ஓய்வு' என்றது சம்மேளனம். ஆட்டப்படி போதாதென்று வாய்திறந்ததே காரணமெனப் பலர் கருதினர். அவருக்கு அப்போது வயது 30. பின்னர் மீண்டும் அழைக்கப்பட்டு 2000, 2004 ஒலிம்பிக்குகளிலும் ஆடினார். எனவே கால் தளர்ந்திருக்கவில்லை என்பது தெளிவு.

மூத்தவரை நீக்கவே கூடாதென்று நாம் கூறவில்லை. முன்கள வீரருக்கு வேகமே உயிர். அது குறைந்தால் இளையவருக்கு இடம்விடுதலே முறை. ஆனால் அளவுகோல் ஆட்டமாயிருக்க வேண்டும், மனத்தாங்கலன்று. 'வேகம் குறைந்தது' என்றால் ஓடிக்காட்டலாம். 'ஓய்வு' என்றால் என்ன மறுமொழி சொல்வது?

இல்லத்திலும் சங்கத்திலும் பொறுப்பைக் கைமாற்றுவோர்க்கும் இது பொருந்தும். உண்மைக் காரணத்தை முகம்நோக்கிச் சொல்லுவோம். முதியவர்க்கு நாம் செலுத்தவேண்டிய முதல் மரியாதை அதுவே.